வெள்ளம் வடிந்த பிறகு வந்த கண்நோய்

வெள்ளம் என்றவுடன் நம் கண்முன் வருவது என்ன? இடுப்பளவு தண்ணீர், மிதக்கும் பாத்திரங்கள், மாடியில் நின்று கையசைக்கும் மக்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதைத்தான் காட்டுகின்றன. தண்ணீர் வடிந்ததும் செய்தியும் வடிந்துவிடுகிறது. ஆனால் நோய்களின் கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

இதற்கு மதுரையிலேயே ஒரு சரியான உதாரணம் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போது மதுரைப் பகுதியில் கடுமையான வெள்ளம் வந்தது. வெள்ளம் போய், தெருக்கள் காய்ந்து, மக்கள் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, சிலருக்குக் கண் சிவந்தது, வலித்தது, பார்வை மங்கியது. கண் மருத்துவமனைக்கு வந்த அவர்களில் யாரும் அதை வெள்ளத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணுக்கும் காலில் பட்ட சேற்றுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் மதுரை மருத்துவர்கள்.

அரவிந்த் மருத்துவமனையின் புதிர்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தொடக்கத்துக்கும் கோரிப்பாளையத்துக்கும் ஓர் உறவு உண்டு. அதை நிறுவிய டாக்டர் ஜி.வெங்கடசாமி, கோரிப்பாளையத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் கண் மருத்துவத் துறையின் தலைவராக இருந்தவர். அப்போது அதன் பெயர் எர்ஸ்கின் மருத்துவமனை. பழைய மதுரைக்காரர்கள் இன்றும் 'எர்ஸ்கின் ஆஸ்பத்திரி' என்பார்கள். இன்றைய பெயர் அரசு இராசாசி மருத்துவமனை. ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கியதுதான் அரவிந்த்.

1993 வெள்ளத்துக்குப் பிறகு அந்த மருத்துவமனைக்கு யுவைடிஸ் என்ற கண்நோயுடன் வந்தவர்களின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக இருந்தது. யுவைடிஸ் என்பது கண்ணின் நடுப்படலத்தில் ஏற்படும் அழற்சி. சாதாரண 'மெட்ராஸ் ஐ' போல ஒரு வாரத்தில் தானாகப் போய்விடுவதில்லை. கவனிக்காமல் விட்டால் பார்வையையே பாதிக்கக்கூடியது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. பல சமயம் காரணமே தெரியாது. ஆனால் ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில் இத்தனை பேருக்கு ஏன் வர வேண்டும்?

டாக்டர் எஸ்.ஆர்.ரத்தினம், டாக்டர் பி.நம்பெருமாள்சாமி உள்ளிட்ட மருத்துவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது லெப்டோஸ்பைரா என்ற கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. அதாவது, அவர்களுக்கு ஏற்கெனவே எலிக்காய்ச்சல் வந்து போயிருந்தது. இப்படி உறுதி செய்யப்பட்ட 73 நோயாளிகளைப் பற்றிய அவர்களின் ஆய்வு 1997-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. நோயாளிகளில் இளைஞர்களும் நடுத்தர வயது ஆண்களுமே அதிகம். வெளியே இறங்கி வேலை செய்கிறவர்கள், சேற்றிலும் தண்ணீரிலும் நடக்கிறவர்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அடுத்த ஆண்டு, 1998-இல், கண்ணுக்குள் இருக்கும் நீரிலேயே அந்தக் கிருமியின் மரபணுத் தடயத்தைக் காட்டும் ஆய்வும் வந்தது.

இந்த நோய் இரண்டு கட்டமாக வருகிறது. முதல் கட்டம் காய்ச்சல். பலருக்கு அது சாதாரணக் காய்ச்சல் போலவே வந்து போய்விடும். இரண்டாவது கட்டத்தில் கண் பாதிக்கப்படலாம். அது வாரங்கள் கழித்தும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். காய்ச்சலே மறந்து போன பிறகு கண் மங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. சரியான காரணத்தைக் கண்டு, காலத்தில் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோருக்குப் பார்வை நன்றாகவே திரும்பிவிடும். ஆகவே காரணத்தைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எலிக்காய்ச்சலின் கதை

இந்தக் கிருமியின் வரலாறும் சுவையானது. 1886-இல் ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் வைல் என்ற மருத்துவர், காய்ச்சலோடு மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வரும் ஒரு நோயை விவரித்தார். அதற்கு 'வைல் நோய்' என்றே பெயர் வந்தது. ஆனால் எதனால் வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஜப்பானில் இனாடா, இடோ என்ற விஞ்ஞானிகள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பரவிய நோயை ஆராய்ந்து, திருகு வடிவில் இருந்த கிருமியைக் கண்டார்கள். சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரில் வேலை செய்த தொழிலாளர்கள் அவர்கள். எலிகள் இந்தக் கிருமியைச் சுமக்கின்றன என்பதும் அதைத் தொடர்ந்து தெரிய வந்தது.

எலி மட்டுமல்ல. மாடு, நாய், பன்றி போன்றவையும் இதைச் சுமக்கும். அவற்றின் சிறுநீர் வழியாகக் கிருமி வெளியே வந்து, ஈரமான மண்ணிலும் தேங்கிய நல்ல தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மனிதருடைய தோலில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், உள்ளே போய்விடும். நெடுநேரம் தண்ணீரில் ஊறி மென்மையாகிவிட்ட தோல், கண், மூக்கு, வாய் ஆகியவையும் அதற்கு வாசல்கள்தான். இதற்கு ஒரே ஒரு பெரிய பலவீனம் உண்டு. நன்றாகக் காய்ந்துபோன இடத்தில் இதனால் பிழைக்க முடியாது.

குதிரைகளுக்கு அடிக்கடி கண் வீங்கி, கடைசியில் பார்வை போகும் ஒரு நோய் உண்டு. அந்த நோயை லெப்டோஸ்பைராவோடு கால்நடை மருத்துவர்கள் முன்பே தொடர்புபடுத்தியிருந்தார்கள். மனிதக் கண்ணில் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் அதைப் பார்க்க நேர்ந்தது மதுரையில்.

இந்தியாவுக்கும் இந்த நோய் புதிதல்ல. அந்தமானில் 1931-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கலாம். அதற்குப் பிறகும் எலிக்காய்ச்சல் பரவியது. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகும் அதே கதை. ஆனால் கேரள சுகாதாரத் துறை இந்த முறை எதிர்பார்த்துத் தயாராக இருந்தது. வெள்ள நீரில் இறங்கியவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை முன்தடுப்பாகக் கொடுத்தார்கள். மதுரை போன்ற இடங்களில் கிடைத்த பாடம் வீணாகவில்லை.

கெட்ட காற்று என்று நினைத்த காலம்

மழைக்குப் பிறகு நோய் வரும் என்பது மதுரைக்குப் பழைய அனுபவம். 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருநெல்வேலி சீமைகளில் ஒரு கொடிய காய்ச்சல் பரவியது. அதன் காரணத்தை ஆராய கிழக்கிந்தியக் கம்பெனி அரசு எயின்ஸ்லி உள்ளிட்ட மூன்று மருத்துவர்களைக் கொண்ட குழுவை அமைத்தது. அவர்களின் அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சானது. பருவம் தவறிய மழையையும் தேங்கிய ஈரத்தையும் அவர்கள் கவனித்தார்கள். ஆனால் அக்கால மருத்துவத்தின்படி, சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்பது நம்பிக்கை. 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். இன்று நாம் நடக்கும் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி உருவானவை. அகழியில் தேங்கிய தண்ணீர் நகரத்தின் ஆரோக்கியத்துக்குக் கேடு என்பதும் அந்த வேலைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. காரணம் கெட்ட காற்று என்று நினைத்துச் செய்தாலும், தேங்கிய தண்ணீரை அகற்றியது நல்ல காரியம்தான். உண்மையான குற்றவாளி அந்தத் தண்ணீரில் பிறக்கும் கொசு என்பதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் நிரூபித்தது 1897-இல்.

மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு நோயே மருத்துவ உலகில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் 'மதுரா கால்'. வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தில் முள்ளோ கல்லோ குத்தி, அந்த வழியாக மண்ணில் இருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து, கால் மெல்ல வீங்கி, ஓட்டைகள் விழுந்து சீழ் வடியும் நோய் அது. 1842-இல் மதுரையில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர் அதைக் குறிப்பிட்டார். 1860-இல் பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர் அதற்குக் காரணம் பூஞ்சை என்று விளக்கி 'மைசெட்டோமா' என்று பெயரிட்டார். மருத்துவ மாணவர்கள் எல்லோரும் அறிந்த 'கிரேஸ் அனாடமி' நூலுக்குப் படம் வரைந்தவரும் இவரே! உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

மதுரா கால் வெள்ளத்தால் வரும் நோய் அல்ல. ஆனால் அதுவும் எலிக்காய்ச்சலும் நமக்குச் சொல்வது ஒன்றுதான். கிருமி எப்போதும் வாய் வழியாகத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். கால் வழியாகவும் வரும்.

கோரிப்பாளையத்துக்கு ஏன் கவலை?

கோரிப்பாளையம் வைகையின் வடகரையில் இருக்கிறது. தர்காவும் தேவர் சிலையும் அமெரிக்கன் கல்லூரியும் பெரிய ஆஸ்பத்திரியும் சூழ்ந்த இந்த இடத்தை ஏ.வி.பாலம் தென்கரையோடு இணைக்கிறது. ஆறு மட்டும்தான் வெள்ளத்தைக் கொண்டுவரும் என்று நினைத்தால் தவறு. இந்தப் பகுதிக்கு வெள்ளம் முதுகுப் பக்கமிருந்தும் வரும். வடக்கே செல்லூர் கண்மாய். அந்தப் பக்கத்து மழைநீரைச் சுமந்து வந்து வைகையில் சேர்ப்பது பந்தல்குடி கால்வாய். ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த தண்ணீருக்கான வழி, இன்று வீடுகளுக்கு நடுவே சாக்கடையையும் குப்பையையும் சுமந்து ஓடுகிறது.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. அன்று மதுரையில் 9.8 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதில் 4.5 சென்டிமீட்டர் பிற்பகலில் வெறும் 15 நிமிடங்களில் கொட்டியது என்பது அரசு சொன்ன கணக்கு. கண்மாய்த் தண்ணீரும் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து செல்லூர், நரிமேடு, ஆழ்வார்புரம், கோரிப்பாளையம் பக்கத்துத் தெருக்களில் புகுந்தன. தாழ்வான வார்டுகளில் தண்ணீர் உடனே வடியவில்லை. பிறகு செல்லூர் கண்மாயின் உபரி நீரை வைகைக்குக் கொண்டுபோக 11.9 கோடி ரூபாயில் சிமென்ட் கால்வாய் கட்டப்படும் என்று அரசு அறிவித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்று வெள்ளம் வேறு, இந்த வெள்ளம் வேறு. வீட்டுக்குள் வந்தது வெறும் மழைத்தண்ணீர் அல்ல. சாக்கடை, கழிப்பறைக் கழிவு, எலி வளைகளில் இருந்து அடித்து வந்தது, மாட்டுக் கொட்டகையைக் கழுவி வந்தது எல்லாம் அதில் உண்டு. முழங்கால் அளவுகூட வராத தண்ணீர் என்று அலட்சியமாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் வடிந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

வெள்ளத்தின் ஆபத்துகள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. அந்த வரிசையில் பார்த்தால் நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

*முதல் நாள்: மின்சாரம், பாம்பு, காயம்*

1. வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது. தண்ணீரில் நின்றபடி எந்தச் சுவிட்சையும் போடக்கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி வெளியே இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். நனைந்த ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எதையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஓட விடக்கூடாது.

2. கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, வெளியே வந்துவிட வேண்டும். தீப்பெட்டி உரசக்கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டக்கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

3. பாம்பும் தேளும் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வந்திருக்கும். பீரோவின் அடி, விறகு, பழைய துணி மூட்டை, செருப்பு இவற்றைக் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுக் கை வைக்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டு இறுக்குவதோ, கீறி விடுவதோ, உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

4. சுத்தம் செய்ய இறங்குபவர் காலில் பூட்ஸும் கையில் ரப்பர் உறையும் அணிய வேண்டும். பூட்ஸ் இல்லாவிட்டால் முழுக்க மூடிய செருப்பாவது வேண்டும். காலில் ஏற்கெனவே புண், வெடிப்பு இருந்தால், முக்கியமாகச் சர்க்கரை நோய் இருந்தால், அவர் இந்த வேலைக்கு இறங்காமல் இருப்பதே நல்லது. புதிதாகக் காயம் பட்டால் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு உடனே கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

*முதல் வாரம்: தண்ணீர், சாப்பாடு, வயிற்றுப்போக்கு*

சாக்கடை கலந்த தண்ணீர் தரைத்தொட்டிக்குள் போயிருந்தால், குழாயில் வருவது தெளிவாகத் தெரிந்தாலும் நம்பக்கூடாது. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ ஒரு தெருக் குழாயடியோடு காலராவைத் தொடர்புபடுத்தினார். அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது என்பதுதான் மக்கள் நம்ப மறுத்ததற்குக் காரணங்களில் ஒன்று. ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார்.

தரைத்தொட்டியை முழுக்க இறைத்து, வண்டலை அள்ளி, தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதற்குப் பிறகு 1000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதி வந்த பிறகும் குறைந்தது ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடி வைக்க வேண்டும். வெள்ள நீர் பட்ட அரிசி, மாவு, காய்கறி, மாத்திரை எல்லாவற்றையும் தூக்கிப் போட மனம் வராதுதான். ஆனால் அதைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது அதைவிடச் செலவு.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் பயப்படாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. இந்த எளிய மருந்தின் சக்தியை உலகுக்குக் காட்டியவர் ஓர் இந்தியர். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அங்கே நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கியது. குழந்தை சோர்ந்துபோனாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டைச் சுத்தம் செய்யும் முறையிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சேற்றை வழித்து வெளியேற்ற வேண்டும். அடுத்து சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். கடைசியில்தான் பிளீச்சிங் பவுடர் கரைசல். சேற்றின் மேலேயே பவுடரைத் தூவினால் தெரு வெள்ளையாகத் தெரியுமே தவிரக் கிருமி சாகாது. சேறு அந்தக் குளோரினைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக்கூடாது. அதிலிருந்து வரும் விஷவாயு நுரையீரலைப் பாதிக்கும்.

*இரண்டாவது வாரம்: கொசு, பூஞ்சை*

டெங்கு பரப்பும் கொசு, முட்டையில் இருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வெள்ளம் வடிந்த முதல் வாரத்திலேயே மொட்டை மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, உடைந்த வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும். கொசுவால் பரவும் நோய்களை ஆராய்வதற்காகவே 1980-களில் மத்திய அரசு ஒரு நிலையத்தை மதுரை சின்னச் சொக்கிகுளத்தில், கோரிப்பாளையத்துக்கு மிக அருகில், தொடங்கியது என்றால் இந்த வட்டாரத்தில் கொசு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று புரிந்துகொள்ளலாம்.

பூஞ்சை இன்னும் வேகம். நனைந்த மெத்தை, தலையணை, பலகை ஆகியவற்றில் இரண்டே நாளில் பிடிக்கத் தொடங்கும். 2005-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் மூழ்கடித்த பிறகு, வீடு திரும்பியவர்களை வரவேற்றது சுவர் முழுக்கப் படர்ந்த பூஞ்சைதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது பெரும் தொல்லை. சாக்கடைத் தண்ணீரில் ஊறிய பஞ்சு மெத்தையைக் காயவைத்துப் பயன்படுத்தவே கூடாது. பாய், பாத்திரம், நாற்காலி போன்றவற்றைக் கழுவி நல்ல வெயிலில் போட வேண்டும். நமக்கு இயற்கை கொடுத்த பெரிய வசதி மதுரை வெயில். கதவு ஜன்னலைத் திறந்து, சாமான்களைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, வீட்டை உலர விட வேண்டும். காய்ந்த இடத்தில் லெப்டோஸ்பைரா பிழைக்காது என்று மேலே பார்த்தோம் அல்லவா? வீட்டை உலர்த்துவதும் ஒரு மருந்துதான்.

*ஒரு மாதமும் அதற்குப் பிறகும்: காய்ச்சலும் கண்ணும்*

எலிக்காய்ச்சல் பெரும்பாலும் தண்ணீரில் இறங்கிய 5 முதல் 14 நாட்களுக்குள் தலைகாட்டும். சில சமயம் ஒரு மாதம்கூட ஆகலாம். திடீர்க் காய்ச்சல், கடுமையான தலைவலி, கெண்டைக்காலைத் தொட்டாலே வலி, பூளை இல்லாமல் கண் சிவப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். கண்ணோ தோலோ மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது ஆகியவை அபாய அறிகுறிகள். ஆரம்பத்தில் கொடுத்தால் சாதாரண ஆன்ட்டிபயாட்டிக் மருந்துகளே குணப்படுத்திவிடும். முற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்ஸிசைக்ளின் முன்தடுப்பு மாத்திரை எல்லோருக்கும் பொருந்தாது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உட்கொள்ளக்கூடாது. சுகாதார நிலையத்தில் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி அல்ல.

ஒரு வாக்கியம்

1993 வெள்ளமும் அதன் பின் நடந்த ஆய்வும் நமக்குச் சொல்வது என்ன? மருத்துவரின் திறமை மட்டும் போதாது, நோயாளி சொல்லும் செய்தியும் வேண்டும். ரத்தப் பரிசோதனை இருந்தது, நிபுணர்கள் இருந்தார்கள். ஆனால் எந்தப் பரிசோதனை செய்வது என்று தெரிய வேண்டுமானால், நோயாளி எங்கே நடந்தார், எதில் நின்றார் என்பது தெரிய வேண்டும். காய்ச்சல் வந்தவர் காய்ச்சலை மட்டும் சொல்கிறார். கண் மங்கியவர் கண்ணை மட்டும் சொல்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்குள் புகுந்த சாக்கடைத் தண்ணீரை வாளியால் இறைத்ததைச் சொல்ல அவருக்குத் தோன்றுவதில்லை.

எனவே, மேலே உள்ள குறிப்புகள் எல்லாம் மறந்து போனாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். வெள்ளம் வந்த தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகு சில மாதங்களுக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கண் சிவந்து பார்வை மங்கினாலும், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: "டாக்டர், இந்தத் தேதியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, நான் அதில் இறங்கினேன்."